பதினொரு செகண்டு நின்ற ஊர்

என்னை விளையாட விடவில்லை, பார்க்க மட்டும் விட்டார்கள். பொண்ணு பார்க்கத்தானே செய்கிறது, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார்கள். பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று அவர்களுக்கு ஓர் அலட்சியம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு ஃபேன். சுற்றிலும் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த காலம். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வேலைக்கு மனுப் போட வருவார்கள், மீதிப் பேர் வேலை முடிந்து விளையாட வருவார்கள். நான் எட்டாம் வகுப்பு. அந்த வருஷம்தான் எனக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, ஊருக்கே பந்தி போட்டார்கள். மறுநாளிலிருந்து எதைக் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்: நீ இன்னா சின்னக் கொழந்தையா? முந்தாநாள் வரைக்கும் சின்னக் குழந்தைதானே, ஒரே பந்தியில் என்ன ஆகிவிட்டேன் என்று திருப்பிக் கேட்டால் முதுகில் ஒன்று விழும்.

ஆனால் சனிக்கிழமை காலையில் மாமா டிபன் சாப்பிடப் போகும்போது கல்லாவில் உட்கார ஓர் ஆள் வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் நான் பெண்பிள்ளை என்பது வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் வராது. மாமாவின் கட்டளை இரண்டுதான். வருகிறவன் உட்கார்ந்த நேரத்தை எழுதி வைக்க வேண்டும். நான் எந்த ஆட்டத்திலும் கை வைக்கக் கூடாது, ஆம்பளைப் பசங்களோடு போட்டி போட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

அங்கே எல்லோரும் ஆடியது கோட்டை கட்டுகிற ஆட்டம். ஒரு பொட்டல் காட்டில் நாலைந்து ஆட்களைக் கொடுப்பார்கள். அவர்களை வைத்து மரம் வெட்டி, பொன் தோண்டி, பயிர் வைத்து, ஊரைப் பெருக்கி, மதில் கட்டி, குதிரைப் படை சேர்த்து எதிராளி ஊரைத் தரைமட்டமாக்க வேண்டும். ஆடும்போது எதிராளி ஊர் நமக்கு இருட்டாகத்தான் தெரியும். ஆனால் ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டர் முழுச் சண்டையையும் தானாகவே பதிந்து வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவைப் போட்டால் இரண்டு ஊரும் வெட்ட வெளிச்சம். யார் எந்த நிமிஷத்தில் எந்த ஆளை எங்கே அனுப்பினான் என்பது வரைக்கும் தெரியும். ஆறு மிஷின்களின் பதிவுகளும் கல்லா மிஷினிலிருந்தே கிடைக்கும். அந்தப் பசங்களில் ஒருவன்கூடத் தன் பதிவைத் திரும்பிப் பார்த்ததில்லை. தோற்றால் மவுஸ் சரியில்லை என்பான், ஜெயித்தால் காலரைத் தூக்கிக்கொள்வான், அவ்வளவுதான்.

நான் பார்த்தேன். கணக்கு ரஃப் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, கோடு போட்டு, நிமிஷம் நிமிஷமாக எழுதினேன். யார் எப்போது மதில் வைக்கிறான், யார் குதிரைக்கு முன்னால் வில்லாளியைச் சேர்க்கிறான், யாருடைய ஆட்கள் வேலையில்லாமல் வாசலில் நிற்கிறார்கள் எல்லாம் எழுதினேன். இரண்டு மாதத்தில் கடைக்கு வருகிற அத்தனை பேருடைய குட்டும் என்னிடம் இருந்தது. ஒருவரைத் தவிர.

அவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர். மாடியில் அப்பா கட்டி விட்டிருந்த அறைகளில் தெற்கத்திப் பையன்கள் தங்கியிருந்தார்கள், எல்லோரும் கம்பெனிகளில் காண்டிராக்ட் வேலை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை, ஊர் பெயர்தான். இவர் சங்கரன்கோவில் அண்ணன். சனிக்கிழமைகளில் நைட் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிஃபார்மோடு நேராகக் கடைக்கு வருவார். எட்டு மணிக்கு ஷட்டர் தூக்கும்போது வாசலில் நிற்பார். பத்து மணிக்கு எழுந்து போய்விடுவார். தோற்றவன் எழுந்திருக்க வேண்டும் என்பது கடைச் சட்டம். அந்தச் சட்டப்படி அவர் ஒரு நாளும் எழுந்ததில்லை.

அவருடைய பதிவுகளை மட்டும் நான் பத்துத் தடவை பார்த்திருப்பேன். கை அவ்வளவு சுத்தம். ஓர் ஆள் சும்மா நிற்க மாட்டான். மரம் தீர்வதற்குள் அடுத்த மரத்துக்கு அனுப்பிவிடுவார். பதினோராவது தடவையோ என்னவோ, கண்ணில் பட்டது. இருபதாவது நிமிஷத்தை ஒட்டி ஓர் இடத்தில் ஊரே நின்றது. மரம் வெட்டியவன் கோடாலியோடு நிற்கிறான், புதிதாக வந்த குதிரைகள் லாயத்து வாசலிலேயே நிற்கின்றன, ஒரு கட்டளையும் இல்லை. நோட்டை எடுத்து எண்ணினேன். ஏழு செகண்டு. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியது.

மற்றப் பதிவுகளையும் தோண்டினேன். எல்லாச் சனிக்கிழமையிலும் இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு, ஒன்பது. வாரம் போகப் போக நீண்டுகொண்டு வந்தது. இன்னொன்றும் கண்டுபிடித்தேன். யாராவது அவர் மதிலில் கல்லெறிந்துகொண்டே இருந்தால் அந்த நிறுத்தம் வராது. சண்டை இல்லாமல் அமைதியாக விட்டால்தான் வரும். ஆக, எதிராளியை மதிக்காமல், இவன் எங்கே வரப்போகிறான் என்று கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், அப்படித்தான் நான் முடிவு கட்டினேன். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. திமிரைப் பார் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நேராகவே கேட்டுவிட்டேன், நடுவில் ஏன் அண்ணா எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறீர்கள் என்று. அவர் முகம் மாறியது. யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றிப் பார்த்தார்.

"யோசிக்கேன் பிள்ள," என்றார். பிறகு குனிந்து மெதுவாக, "அந்தப் பதிவெல்லாம் அழிச்சிரு. யார்ட்டயும் காட்டாத, என்ன?"

முடியாது என்றேன். மாட்டிக்கொண்டதும் அழிக்கச் சொல்கிறார், நல்ல கதையாக இருக்கிறதே! இரண்டு மாதம் கண் எரிய எரியப் பார்த்துச் சேர்த்தது.

அன்றைக்கே மாமாவிடம் போய் நின்றேன். சங்கரன்கோவில் அண்ணனோடு ஓர் ஆட்டம். ஜெயித்தால் சனிக்கிழமைதோறும் எனக்கு ஒரு மிஷின், யாரும் தடுக்கக் கூடாது. தோற்றால் கடைப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டேன், அம்மா சொல்கிறபடி வீட்டில் உட்கார்ந்து கோலப்புத்தகம் பார்க்கிறேன். மாமா சிரித்தார். அக்காவிடம் தினமும் திட்டு வாங்குவதிலிருந்து தப்பிக்க இதைவிடச் சுலபமான வழி கிடைக்காது என்று நினைத்திருப்பார், சரி என்றார்.

ஆட்டம் நடந்த அன்று அண்ணன் தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் மூன்றாவது மிஷினில், நான் இந்தப் பக்கம் கல்லாவில். என் முதுகுக்குப் பின்னால் பசங்கள் கூட்டம். போ, போய் அடி, இன்னா பாத்துகினு கீற என்று ஒருவன் காதருகில் கத்தினான். நான் அடிக்கவில்லை. ஒரு கல்கூட எறியவில்லை. குதிரைகளை அவர் மதிலுக்கு வெளியே காட்டுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, என் ஊரில் பயிர் வைத்துக்கொண்டிருந்தேன். பொம்பளைப் பிள்ளை சமைக்கப் போகுதுடா என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். இருபதாவது நிமிஷம் வந்தது. அவருடைய மரவெட்டிகள் இரண்டு பேர் வாசலில் நிற்பது என் ஒற்றன் கண்ணில் பட்டது, அசையவில்லை. நான் குதிரைகளை உள்ளே விட்டேன். அவர் விழித்துக்கொண்டு படையைத் திருப்புவதற்குள் ஊர் பாதி எரிந்துவிட்டது. பின்னால் பதிவில் எண்ணிப் பார்த்தேன், பதினொரு செகண்டு.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தோற்றதில் அழுதிருக்கிறார் என்று நினைத்து எனக்கு இன்னும் குஷி. அவர் என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போய், மணி பத்து ஆகாததால் வாசல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி கம்பெனியில் பிரஸ் மிஷினில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து அம்மா அழுதாள். நானும் தேம்பித் தேம்பி அழுதேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, கடைக்கு ஒருவர் வந்தார். சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கவிட்டிருந்தார். சங்கரன்கோவில் பையன் இங்கே வருவானா, எவ்வளவு நேரம் ஆடுவான் என்று மாமாவிடம் விசாரித்தார். எப்பனா ஒரு வாட்டி வருவாரு சார், அவ்ளோதான் என்று மாமா இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கண்ணைக் காட்டி, அம்மா கூப்பிடுகிறாள், வீட்டுக்குப் போ என்றார். அம்மா கூப்பிடவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளி ஆள் ஒருவர் வந்ததும் பொண்ணு வாயை மூடிக்கொண்டு உள்ளே போக வேண்டும், அதுதானே வழக்கம்? இவ்வளவு ஜெயித்த பிறகுமா? நான் எழுந்திருக்கவில்லை.

"சார், அவரைத் தோக்கடிச்சதே நான்தான்," என்றேன்.

அவர் மாமாவை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எப்படிம்மா என்று கேட்டார். அதுவரைக்கும் என்னிடம் எப்படி என்று கேட்டவர் யாருமே இல்லை. நான் ஒவ்வொரு பதிவாகப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் இருந்தது. ஊர் நிற்கிற இடம் வந்ததும் விரலை வைத்துக் காட்டி, எண்ணிச் சொன்னேன். மாமா நடுவில் இரண்டு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. கடைசியில் அந்த ஆள் நோட்டைக் கேட்டார். நான் பக்கத்தைக் கிழிக்க மனசில்லாமல் நோட்டையே கொடுத்தேன்.

"ரொம்ப நல்லா கவனிச்சிருக்கம்மா," என்றார்.

அவர் போன பிறகு மாமா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டார். என்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் விளையாடப் போனான், அதனால் மிஷினில் கண் அசந்துவிட்டான், தப்பு அவனுடையது. நஷ்டஈடு கொடுக்காமல் இருக்கக் கம்பெனி இப்படித்தான் எழுதியது. அதற்கு ஆதாரம் என் நோட்டு, ஊர் நின்ற செகண்டுகளெல்லாம் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போன செகண்டுகள். அவரை வெள்ளிக்கிழமைதோறும் மத்தியான ஷிப்டும் நைட் ஷிப்டும் சேர்த்து, பதினாறு மணி நேரம் நிற்க வைத்தார்கள் என்பதை யாரும் எழுதவில்லை. அதைவிடக் கேவலம் எங்கள் வீட்டில் இருந்தது. நாலு பேருக்கான அறையில் அப்பா ஒன்பது பேரை விட்டிருந்தார். ஒரு பாய்க்கு இரண்டு பேர், முறை வைத்து. அண்ணனின் பாயில் இன்னொருவர் பத்து மணி வரைக்கும் தூங்குவார். அது வரைக்கும் அண்ணனுக்குப் படுக்க இடம் கிடையாது, அதனால்தான் கடைக்கு வந்தார். கம்பெனியில் இதை அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அறையைப் பற்றிக் கேள்வி வரும், அதனால் சொல்லவில்லை. அம்மா வாயிலிருந்து இது எனக்குத் தெரிய வந்தபோது நான் காலேஜ் முடித்திருந்தேன். அன்றைக்கு அப்பாவோடு நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது. இன்றைக்கும் அந்தச் சண்டையை நான் முடித்துக்கொள்ளவில்லை, முடித்துக்கொள்ளப் போவதும் இல்லை. ஜெயித்ததற்காக நான் வெட்கப்படவும் மாட்டேன், பார்த்துப் பார்த்துப் படித்து ஜெயித்தேன். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல் கொடுத்தேனே, அதற்குத்தான் என்னை நானே மன்னிக்கவில்லை.

அப்போது எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அண்ணன் அறையைக் காலி செய்ய வந்த அன்று நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். வலது கை கட்டோடு கழுத்திலிருந்து தொங்கியது. பையை இடது கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தவர், என் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"உன் நோட்ட எங்கிட்ட காட்டினாங்க பிள்ள," என்றார். "ஒரு செகண்டுகூடத் தப்பில்ல. எல்லாம் சரியாத்தான் எழுதிருக்க."

கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு, தெருவில் இறங்கி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோற்றவரே தன் வாயால் ஒத்துக்கொண்டார் என்று திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் சொன்னேன்.