பத்து நாள் அட்டை மேஜை

மூலைக்காரர் தன் மைத்துனருக்குத் தர வேண்டியிருந்தது அறுபதாயிரம். மரம் அறுக்கும் மெஷின் வாங்கக் கைமாற்றாக வாங்கிய பணம். இரண்டு வருடமாகியும் ஒற்றை நோட்டு திரும்பிப் போகவில்லை. இந்த மாதக் கடைசித் தேதிக்குள் தராவிட்டால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மைத்துனர் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் வாங்கப்போகிறவனையும் பட்டறைக்குக் கூட்டிவந்து காட்டினார். வந்தவன் மாடு பிடிக்க வந்தவன் போல மெஷினின் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

மூலைக்காரர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, தொழில் வைத்த பெயர். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு ஐந்தாம் வகுப்போடு முறிந்தது. சோபா கடையில் பாரம் தூக்கினார். பழைய சோபாக்களைப் பிரித்துப் பிரித்தே, உட்கார்ந்தால் உடம்பு எங்கே அழுந்தும் என்று கற்றுக்கொண்டார். பட்டம் வாங்கியவன் கண்ணால் படித்ததை இவர் முதுகெலும்பால் படித்தார். மாடிப்படிக்கு அடியில், தூணுக்கும் சுவருக்கும் நடுச்சந்தில், கதவு திறந்தால் முட்டும் இடத்தில், நாலு பேர் பார்த்துக் கைவிட்ட மூலையில்தான் இவர் கை இறங்கும். சும்மா சொல்லக்கூடாது, இவர் பொருத்திய அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே எறும்பு போக வேண்டுமானாலும் மூச்சை அடக்கித்தான் போக வேண்டும்.

அப்பேர்ப்பட்டவரையும் ஒரு டிசைனர் ஏமாற்றினான். கம்ப்யூட்டரில் ஒரு வீட்டின் படம் காட்டினான். படத்தில் வெயில் கூடத்துக்குள் பால் மாதிரி ஊற்றியது. மூலைக்காரர் ஏழு அலமாரி செய்து கொண்டுபோய்ப் பொருத்தினார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். வீட்டுக்காரர் சண்டை பிடித்தார், டிசைனர் போனை அணைத்தான், ஏழு அலமாரியின் கூலியும் போனது. மைத்துனரின் கடன் அடையாமல் நின்றது அதனால்தான். அன்றிலிருந்து டிசைனர் என்று யாராவது வாசலில் வந்து நின்றால், மூலைக்காரர் வெளியே கிடக்கும் செருப்பைக்கூட உள்ளே எடுத்து வைத்துவிடுவார்.

ஆகவே ஒரு பெண் வந்து, "நான் டிசைனர்" என்றதும் அவர் கண் செருப்பைத் தேடியது.

பல் டாக்டரம்மா ஒருத்தரின் சிறிய மாடி வீட்டுக்கு மேஜை, பெஞ்சு, சுவர் அலமாரி வேண்டும் என்றாள். மரம் அவளே வாங்கித் தருவாள். கூலி அறுபத்திரண்டாயிரம், மேஜை வீட்டில் இறங்கிய அன்றே முழுப் பணம். கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தியதே மூலைக்காரருக்குப் பிடிக்கவில்லை.

"படம் எங்கம்மா?"

"படம் இல்லைங்கய்யா. அளவு இருக்கு. அலமாரியும் பெஞ்சும் மரத்துலயே செஞ்சிடுங்க. மேஜையை மட்டும் முதல்ல அட்டையில செய்யுங்க. பத்து நாள் அவங்க அதோட இருக்கட்டும்."

"அட்டை மேஜையில யாரு சாப்பிடுறது?"

"சாப்பிட வேண்டாம். சுத்தி நடந்தா போதும். அப்புறம் மரத்தை வெட்டலாம்."

பத்தாவது நாள் அடுத்த மாதத்தில் விழுந்தது. மைத்துனர் சொன்ன தேதி எட்டாவது நாள். இந்தப் பெண்ணுக்கு யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றே அவருக்குப் பட்டது. போதாக்குறைக்கு அவள், அவர் உட்காரும் பழைய முக்காலியைக் கவிழ்த்துப் போட்டு அரைமணி நேரம் அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். போட்டோவும் எடுத்தாள். அவள் போனதும் முக்காலியைச் சாக்கால் மூடி வைத்தார்.

"யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க" என்றாள் மனைவி. "அதுல உட்காந்தா உங்களையே அது கடிக்குது."

"உனக்கு வெளுத்ததெல்லாம் பால்."

"என் தம்பி வந்து மெஷினைத் தூக்கட்டும். அப்புறம் பால் எது, தண்ணி எதுன்னு உக்காந்து பிரிங்க."

அட்டை மேஜையைச் செய்து கொண்டுபோய் வைத்தார். அலமாரியும் பெஞ்சும் முடிந்தன. மூன்றாம் நாள் பொறுமை போய்விட்டது. அளவு கையில், மரம் பட்டறையில், மெஷின் இன்னும் அவருடையது. அட்டையைக் கேட்டுவிட்டு மரத்தை வெட்டும் வழக்கம் அவர் பரம்பரையிலேயே இல்லை. வெட்டினார். ஆறாம் நாள் காலை மேஜையை வண்டியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு டாக்டரம்மா வீட்டு வாசலில் போய் நின்றார். செய்த பொருளைக் கொண்டுபோய் நடுவீட்டில் வைத்துவிட்டால் எப்படிப் பணம் தராமல் போவார்கள்?

மேலே போனால் அந்தப் பெண் அட்டை மேஜைக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். மூன்று முனையும் கத்தி போல இருந்தன. ஜன்னல் பக்க முனை மட்டும் நசுங்கி, மடங்கி, அழுக்கேறியிருந்தது.

"இதை யாரு இடிச்சாங்கன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்று முணுமுணுத்துவிட்டு, டாக்டரம்மாவைக் கேட்க உள்ளறைக்குப் போனாள்.

ஜன்னலோரம் டாக்டரம்மாவின் அப்பா நின்றிருந்தார். கையில் தடி. மூலைக்காரரை அருகில் வரச் சொல்லிச் சைகை காட்டினார்.

"தம்பி, கீழ ஒரு வண்டியில நாலு கால் வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு. அது இந்த மேஜைதானே?"

மூலைக்காரர் ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார்.

"அட்டை முனையை அன்னிக்குத் தூக்கிட்டு வரும்போது நான்தான் இடிச்சேன்னு சொல்லிடு. மககிட்ட சொல்லி உன் மேஜையை இன்னிக்கே உள்ள வரவச்சிடறேன். என் ரகசியமும் என்னோட இருக்கும்."

"என்ன ரகசியம்?"

"இடது கண்ணுல ஓரம் தெரியல. மக காதுக்குப் போச்சுன்னா வாசப்படி தாண்ட விடமாட்டா. கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வர்றது ஒண்ணுதான் எனக்கு மிச்சம்."

மூலைக்காரருக்கு முதலில் வந்தது இரக்கமல்ல, சந்தேகம். கிழவரைப் பேசவைத்து ஆழம் பார்க்கிறாளோ அந்தப் பெண்? கதவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் உண்மையாகவே பேச்சுச் சத்தம் கேட்டது. பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை.

ஒரு வார்த்தை போதும். மேஜை இறங்கும், பணம் ஏறும், மெஷின் நிற்கும். நசுங்கிய முனையைக் கையால் தடவினார். அது சரியாகக் கிழவரின் இடுப்பு உயரத்தில் இருந்தது. ஆறு நாளில் அட்டைக்கு இந்தக் கதி. வண்டியில் கிடப்பது அட்டையல்ல. அதன் முனையை அவரே தீட்டி வைத்திருந்தார். மூலைக்காரர் செய்த மேஜை ஒரு ஆளைச் சாய்த்தது என்று நாளைக்கு ஊர் பேசினால், இந்த முப்பது வருட உழைப்பும் தண்ணீரில் எழுதியதுதான்.

அந்தப் பெண் திரும்பி வந்தாள்.

"அதை நான் இடிக்கலம்மா. ஐயாதான் இடிச்சது. இடது பக்கம் அவருக்குத் தெரியல."

கிழவர் முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். உள்ளறை வாசலில் டாக்டரம்மா வந்து நின்றார். "அப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னொண்ணு" என்றார் மூலைக்காரர். "கீழ வண்டியில மேஜை இருக்கு."

அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். முனையை விரலால் தொட்டாள்.

"பத்து நாள்னு சொன்னேனே."

"சொன்னீங்க."

"அப்புறம்?"

"நம்பல."

"இப்ப?"

"இப்பவும் பாதிதான்."

அவள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. அதுவும் அவருக்கு நல்லதாகப் படவில்லை. "அட்டை சொல்ல வேண்டியதைச் சொல்லிடுச்சு. இனிமே காத்திருக்க வேண்டாம். முனையைச் சரி பண்ணிக் கொண்டு வாங்க, அன்னிக்கே பணம்" என்றாள்.

முனையை வெட்டுவது வேலையல்ல, அதற்கு அடியில் நிற்கும் காலை நகர்த்துவதுதான் வேலை. அந்தக் காலைக் கழற்றி ஒரு சாண் உள்ளே தள்ளினார். பலகையின் முனையை வளைவாக அறுத்தார், அதே மெஷினில். பழைய துளை தெரியாமல் அடைத்து, உள்ளங்கை வழுக்கும்வரை இழைத்தார். இரண்டு நாள் பட்டறையை விட்டு நகரவில்லை. இந்த வேலையை இரண்டு நாளில் செய்ய வேறொருத்தன் இருந்தால் அவனைக் காட்டட்டும், மூலைக்காரர் பெயரை மாற்றிக்கொள்கிறார்.

எட்டாம் நாள் காலை மேஜை வீட்டில் இறங்கியது. கிழவர் மகள் கையை உதறிவிட்டு, வேண்டுமென்றே அந்தப் பக்கமாக நடந்தார். இடுப்பு படவில்லை. கை மட்டும் வளைவில் வழுக்கிக்கொண்டு போனது.

"காட்டிக் குடுத்தவனே" என்றார். "நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறாங்க, தெரியுமா?"

"போய்ட்டு வாங்கய்யா. கடைத்தெரு எங்கயும் போயிடாது."

அந்தப் பெண் அறுபத்திரண்டாயிரத்தையும் கொடுத்தாள்.

"அவசரப்பட்டதுக்குக் கூலியில ஒண்ணும் பிடிக்கலயா?" என்று அவரே கேட்டார்.

"பிடிக்கணுமா?"

அவர் பணத்தைக் கையில் வாங்கினார். மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் சரியாக இருந்தது. அவள் நசுங்கிய அட்டை முனையை வெட்டியெடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அதை வைத்து என்ன செய்யப் போகிறாளோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார்.

பட்டறை வாசலில் ஒரு வண்டி நின்றது. வாங்கப்போகிறவன் கயிற்றோடு மெஷினைச் சுற்றிவந்துகொண்டிருந்தான். மைத்துனர் சாக்கை விலக்கி முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாமா. பேச்சு மாறக்கூடாது, பாருங்க."

"யாரு மாத்தினா? கையை நீட்டு மாப்ள."

மைத்துனர் சந்தேகத்தோடுதான் கையை நீட்டினார். முதல் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மனைவி உள்ளிருந்து, "நல்லா பாருடா, உன் மாமாவே அச்சடிச்சிருப்பார்" என்றாள். கயிற்றுக்காரன் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

ஆயிரம் ஆயிரமாக, கயிற்றுக்காரன் காதிலும் விழும்படி உரக்கச் சொல்லிச் சொல்லி, மூலைக்காரர் எண்ணி வைத்தார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. கடைசி நோட்டை ஒரு முறை நீவிவிட்டு, விரிந்திருந்த அந்தக் கையில் வைத்தார். அறுபது.