முதல் ‘வேண்டாங்க’

தன்னைத் தானே ஆளும் திறமையில் நான் ஒருமுறை முதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. கணவர் சிரிப்பார், மகன் சிரிக்கக்கூட மெனக்கெட மாட்டான். ஆனால் வாங்கியது உண்மை. கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியில், அலுவலகப் பெண்களுக்கென்று ஒரு சனிக்கிழமை பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ‘உங்கள் வாழ்க்கை உங்கள் கையில்’ என்று வாசலில் பேனர் கட்டியிருந்தது. விருப்பம் இருக்கிறதோ இல்லையோ எல்லோரும் வந்தே ஆக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியிருந்ததால் நாங்களும் போய் உட்கார்ந்திருந்தோம்.

வகுப்பெடுக்க வந்தவர் சென்னைக்காரர். கைத்தறிப் புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ, சட்டைக் காலரில் மாட்டுகிற மைக்கைப் புடவையில் எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார். முதலில் உங்களை அளந்து பார்ப்போம், பிறகு வளர்ப்போம் என்று சொல்லி ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். கேள்விகள் பலவாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். ஒருவர் ஏதாவது கொடுத்தாலோ கேட்டாலோ உங்களால் மறுக்க முடிகிறதா? எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை. இதில் ஒன்றுக்கு நேராக டிக் அடிக்க வேண்டும்.

நாங்கள் அத்தனை பேரும் பெரும்பாலும் ‘எப்போதும்’ என்பதற்கே டிக் அடித்தோம். பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் காபி குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன் என்று சொல்ல வேண்டும். குடித்திருக்க வேண்டிய அவசியமில்லை. மறுபடி கேட்பார்கள். உங்களுக்கு எதுக்குங்க சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறை கேட்க மாட்டார்கள், டம்ளரே வந்துவிடும். முதல் தடவையிலேயே சரி என்று சொல்பவர் சாப்பாட்டைக் காணாதவர், முதல் மறுப்போடு கேட்பதை நிறுத்திக்கொள்பவர் கருமி. இது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததல்ல. என் அண்ணன் இதில் இன்னும் ஒருபடி மேலே. அவர் வீட்டில் ஒப்புட்டு, அதாவது போளி, போட்டால் தன் கையால் எனக்குப் பரிமாறுவார். நான் வேண்டாங்கண்ணா என்று இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொள்வேன். என் கையை நகர்த்திவிட்டு இரண்டு வைப்பார். எத்தனை வருடமாக இது நடக்கிறது என்று கேட்டால் எங்கள் இருவருக்கும் தெரியாது.

இதெல்லாம் சென்னை அம்மையாருக்கு எப்படித் தெரியும்? தாள்களைக் கூட்டிப் பார்த்தவர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எத்தனையோ ஊர்களில் வகுப்பெடுத்திருக்கிறேன், இவ்வளவு உறுதியான பெண்களைப் பார்த்ததில்லை என்றார். ஒரு கேள்வியைக்கூட விடாமல் எல்லாவற்றுக்கும் ‘எப்போதும்’ போட்டிருந்த நான்தான் முதல். மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ஃபிளாஸ்க்கை நீட்டினார். நீல நிறம், நல்ல கனம். என் பழைய ஃபிளாஸ்க்கின் மூடி உடைந்து அதற்குமேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்த சமயம் அது. பார்த்ததும் ஆசை வந்தது. “எதுக்குங்க, வேண்டாங்க” என்றேன்.

அவர் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. பரிசைக்கூட மறுக்கத் தெரிந்த பெண்ணைப் பாருங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டு, ஃபிளாஸ்க்கைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். அரங்கத்தில் இருந்த எல்லோருக்கும் நடந்த விபரீதம் புரிந்தது. அவருக்கு மட்டும் புரியவில்லை. கைதட்டச் சொன்னார், தட்டினார்கள். மதியம் சாப்பிடும்போது, அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரி ரொம்ப நேரம் ஆற்றாமையோடு சொல்லிக்கொண்டிருந்தாள்: “மறுக்கா ஒருக்காக் கேட்டிருக்கலாமுங்க அந்தம்மா.”

அந்த ஃபிளாஸ்க்கோடு விஷயம் முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. அப்பா இறந்து காரியங்கள் எல்லாம் முடிந்திருந்த சமயம். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு. வாரிசுச் சான்றிதழில் இரண்டே பெயர்கள், அண்ணன் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் எனக்கே வெட்கமாக இருந்தது. நாங்கள் குடியிருக்கும் வீடு கணவர் பெயரில், காரும் அவர் பெயரில், கேஸ் சிலிண்டர்கூட அவர் பெயரில்தான் வருகிறது. மண் மேல் என் பெயர் ஒட்டியிருந்த முதல் காகிதம் அதுதான்.

அண்ணன் தோப்பிலேயே தென்னை நார் ஆலை போட நினைத்தார். அதற்குச் சொத்து முழுக்கத் தன் பெயரில் இருந்தால்தான் சுலபம். எனக்கு உரிமை எதுவும் இல்லை என்று நான் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் சொந்தத்தில் கூடப்பிறந்த பெண்கள் இதைக் கேள்வி கேட்காமல் எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இனி என்ன பாத்தியம்? கையெழுத்துப் போட்டால் ஒரு பட்டுப்புடவையும் விருந்தும் கிடைக்கும், கடைசிவரை போய் உட்கார அண்ணன் வீடு இருக்கும். போடாவிட்டால் சட்டம் பாதித் தோப்பைக் கொடுக்கும், அண்ணன் வீட்டைக் கொடுக்குமா என்பது சந்தேகம். அண்ணன் கெட்டவர் இல்லை. அப்பா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் கூடவே இருந்து துடைத்துவிட்டவர் அவர்தான். அதையெல்லாம் யோசித்துப் பார்த்த பிறகும் எனக்குக் கையெழுத்துப் போட மனம் இல்லை. தோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் பதில் தெரியாது. மனம் இல்லை என்பது மட்டும் தெரியும்.

அண்ணன் நேரில் வந்துதான் கேட்டார். வந்தவர் முறைப்படி இரண்டு தடவை காபியை மறுத்து, வந்த டம்ளரைக் குடித்து முடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். “வேண்டாங்கண்ணா, அதெல்லாம் எதுக்குங்க இப்ப” என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேராக அவரிடம் பேசியதில்லை. அவர் முகம் மலர்ந்தது. அப்பா வளர்ப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த வாரம் அண்ணன் மனைவி போன் செய்தார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். நங்கையிடம் எனக்கு இதில் இஷ்டமில்லைங்க என்று இன்னும் தெளிவாகச் சொன்னேன். உங்க பெரிய மனசு எங்களுக்குத் தெரியாதுங்களா என்று சொல்லி அவர் சிரித்தார். மூன்றாவது முறை யாரும் கேட்கவில்லை. தட்டச்சு செய்த பத்திரம் வாட்ஸப்பில் வந்துவிட்டது. பதிவு செய்யும் தேதியும் அதிலேயே இருந்தது.

கணவரிடம் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். உன் இஷ்டம் என்றார். ஜன்னல் திரைக்கு என்ன கலர் என்று கேட்டாலும் அவர் சொல்வது இதுதான், திரை அவர் பிடித்த கலரில்தான் தொங்கும். பதிவு நாளன்று என்னைக் காரில் அழைத்துப் போவதற்காக அவர் ஏற்கெனவே லீவு எழுதிக் கொடுத்திருந்தார். கோபம் வந்தது. முதல் மதிப்பெண் வாங்கியவள் என்ற ரோஷமும் கூடவே வந்தது.

சரி, மூன்றாவது முறையும் மறுக்கப் பழகிவிடலாம் என்று எதிர்வீட்டில் ஆரம்பித்தேன். அந்த வீட்டம்மா நீட்டிய டம்ளரை வாங்காமல், நிஜமாகவே வேண்டாங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபோது பெருமையாகத்தான் இருந்தது. சாயங்காலம் அவர் ஒரு டப்பா முறுக்கோடு வந்து நின்றார். தன்னால் ஏதாவது தப்பு நடந்துவிட்டதா என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்த நான் முறுக்கும் தின்று, அவர் வீட்டுக்குத் திரும்பப் போய்க் காபியும் குடிக்க வேண்டியதாகிவிட்டது. பயிற்சி அத்தோடு நின்றது.

அந்த நாள் வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவர் கடை வாசலில் உட்கார வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் விரலால் இடத்தைக் காட்டினார்கள். போட்டேன். எனக்கு மனம் இல்லை, கை போட்டது. மூன்றாவது முறை வந்த டம்ளரை வாங்கிக்கொள்கிற அதே கைதான். அண்ணன் பக்கத்தில் நின்று வெயில் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அதிகாரி சின்ன வயதுக்காரர். கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் என் பெயரைக் கேட்டார், அப்பா பெயரைக் கேட்டார். பிறகு, ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்டுச் சலித்த குரலில் கேட்டார்.

“முழு சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கறீங்களாம்மா?”

“இல்லைங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் காத்திருந்தேன். இரண்டாம் முறை கேட்பார், பிறகு மூன்றாம் முறை கேட்பார், அதற்குள் ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் காகிதங்களை ஒன்றாகத் தட்டி என் பக்கம் தள்ளினார். அப்படின்னா பதிய முடியாதுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அரசாங்கத்துக்கு உபசாரம் தெரியாது என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

இதைப் பிறகு கேள்விப்பட்ட என் பக்கத்து மேஜைக்காரி, எப்படிங்க அவ்வளவு தைரியம் என்று கேட்டாள். இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அது என் மனதிலிருந்து வந்ததா, அல்லது எதைக் கேட்டாலும் முதலில் மறுத்துப் பழகிய வாயிலிருந்து வந்ததா? அந்த அதிகாரிப் பையன் மூன்று முறை கேட்டிருந்தால் மூன்றாவது முறை தலையாட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் ஒருமுறைதான் கேட்டான். தோப்பில் பாதி அதனால் என்னிடம் தங்கியது.

வெளியே வந்ததும் யாரும் சத்தம் போடவில்லை. எங்கள் ஆட்கள் சண்டை போடும்போதுதான் மரியாதை இன்னும் கூடும். சாப்பாடு ஆறிடுமுங்க மாப்பிள்ளை, ஊட்டுக்குப் போயிரலாம் என்று அண்ணன் என் கணவரிடம் சொன்னார். காரில் கணவர் ஒரே ஒருமுறை கண்ணாடியில் என்னைப் பார்த்தார், முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி.

அண்ணன் வீட்டில் நடுக்கூடத்துச் சோபாவில் ஒரு தட்டு தயாராக இருந்தது. பட்டுப்புடவை, வெற்றிலை, குங்குமம், பூ. நங்கை அண்ணனின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். திரும்பி வந்து இலை போட்டார். விருந்துச் சமையல் முழுசாக ஆகியிருந்தது, அதை என்ன செய்ய முடியும்? எல்லோரும் உட்கார்ந்தோம். நங்கை பரிமாற, ஒப்புட்டுத் தட்டை மட்டும் வழக்கம்போல் அண்ணன் கையில் எடுத்துக்கொண்டார்.

என் இலைக்கு முன்னால் வந்து நின்றார். இத்தனைக்கும் பிறகு அவர் அந்தத் தட்டோடு வந்ததில் எனக்கு உயிர் திரும்பி வந்தது. வழக்கம்போல் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டு, “வேண்டாங்கண்ணா” என்றேன்.

அண்ணன் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

என் கணவர் வேண்டாம் என்றார், அண்ணன் வற்புறுத்தினார். கணவர் மறுபடி வேண்டாம் என்றார், அண்ணன் இரண்டு வைத்தார், நங்கை நெய்யும் விட்டார். நான் கையை இலையிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன். அண்ணன் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் இலை முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். நான் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

“இனி நீங்க ஒருக்காச் சொன்னாப் போதும் அம்மணி. எனக்குப் புரிஞ்சுபோச்சு” என்றார்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வெளியாட்களிடம் பேசுகிற மரியாதை இருந்தது. சென்னை அம்மையாரின் பை ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஃபிளாஸ்க் எனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அவர் கேள்வித்தாளில், வேண்டியதைக் கேட்டு வாங்கத் தெரியுமா என்று ஒரு கேள்விகூட இல்லை.

“எனக்கு ஒப்புட்டு வேணுங்கண்ணா” என்றேன்.

நங்கை நெய்க் கரண்டியோடு அப்படியே நின்றார். அந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை, நானும் எங்கேயும் கேட்டதில்லை. அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து தட்டை எடுத்தார். என் இலையில் பதமாக ஒன்றை வைத்தார். நெய் விடச் சொன்னார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேட்டு வாங்கியதால் ஒன்று கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் இரண்டு விழும்.