ஒயில் மாற்ற ஒரு சமதரை

காரின் எஞ்சின் ஒயிலை வீட்டிலேயே மாற்றுவது ஒரு மணி நேர வேலை. மாற்றிவிட்டோம் என்று மற்றவர்களை நம்பவைப்பது மீதி ஆயுள் முழுவதற்குமான வேலை. சம்பளத்துக்கு நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆனால் நகக்கண்ணில் ஒயில் கறுப்போடு சாப்பிட உட்காரும் சக பாவிகளே, என் உண்மையான தொழில் எதுவென்று உங்களுக்குத் தெரியும்.

இம்முறை கொஞ்சம் அவசரம். ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தங்கைக்கு ஹட்டனில் கல்யாணம். மணப்பெண் என் பழைய டீசல் காரில்தான் போவாள் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தேன். வாடகைக்கு ஒரு வேன் பிடித்துவிடலாம் என்பது மாமனாரின் கட்சி.

குமிழி

வாகனத்தைச் சமதரையில் நிறுத்துக என்று தொடங்குகிறது கையேடு. அதை எழுதியவர் எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கும் பூண்டுலோயாப் பக்கம் வந்ததில்லை. தரை சமமா என்று காட்டும் ரசமட்டத்தை எங்கள் வாசலில் வைத்தேன். குமிழி ஒரு கோடிக்கு ஓடிப்போய் அங்கேயே குடியேறிவிட்டது. கோவில் முற்றம், கடையடி, பள்ளிக்கூட மைதானம், எல்லாம் சரிவு. எங்கள் பிள்ளைகள் ஒரு பக்கமாக மட்டும் பவுண்டரி அடிப்பதன் காரணம் அன்றுதான் விளங்கியது.

கடைசியில் குமிழி நடுவில் நின்ற ஒரே இடம், தோட்டத்து ஆட்களைக் காலையில் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம். ரசமட்டமும் கையுமாக நான் ஊர்வலம் வந்ததை மனைவி மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்னங்க, ஒயிலு மாத்தப் போறீங்களா, வீடு கட்டப் போறீங்களா? அப்பா வேன்காரர் நம்பரைக் கையில வச்சிக்கிட்டே சுத்துறாரு."

கேள்வி ஞானம்

ஹட்டனில் உதிரிப்பாகக் கடைக்காரர் என் வண்டிக்குப் பொருந்தும், ஒயிலை வடிகட்டும் பில்டர் இரண்டை எடுத்து வைத்தார். உள்ளே இருக்கும் தாளின் தரம் என்ன, வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும், அடியிலுள்ள ரப்பர் வளையம் எத்தனை டிகிரி சூடு தாங்கும் என்று விசாரித்தேன். எனக்குப் பின்னால் நின்ற மூன்று பேர் வேறு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் தன் பிளேன்டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்துவிட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"சேர், இதை மாட்டுறவங்க யாரும் இதுவரைக்கும் இவ்வளவு கேட்டதில்ல. இவ்வளவு கேட்டவங்க யாரும் இதுவரைக்கும் மாட்டினதில்ல."

பெரட்டு

சனிக்கிழமை விடிந்ததும் காரைக் களத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டு சாய்பலகைகளில் முன்சக்கரங்களை ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, அடியில் படுத்துப் பழைய ஒயிலை ஒரு தகரப் பேசினில் இறக்கினேன். பெரட்டுக்களத்தில் பெரட்டு நடக்கும் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் காரைச் சுற்றி நூறு கால்கள். பெயர் கூப்பிடும் சத்தம் என் தலைக்கு மேலே நடந்தது. நூறு கால்களும் இந்த இடத்தை நான் ஏன் தேர்ந்தேன் என்று கேட்டதால், படுத்தபடியே சமதரையின் அவசியம் குறித்து ஒரு சிறு விரிவுரை நிகழ்த்தினேன். பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கணக்கப்பிள்ளை பொறுமையாகக் குனிந்து பார்த்தார்.

"சமதரை வேணும்னுதானே இங்க வந்தீங்க சேர்? அப்பறம் எதுக்கு முன்பக்கத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

கூடைக் கயிறு

ஒயில் இறங்கிவிட்டது, பில்டர் இறங்கவில்லை. கையால் திருகினேன், துணி சுற்றித் திருகினேன், மணல்தாள் வைத்துத் திருகினேன். இந்த நிலைமைக்கென்றே கைகண்ட முறை ஒன்று உண்டு: ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே அடித்து இறக்கி, அதையே பிடியாக்கித் திருப்புவது. செய்தேன். பில்டர் திரும்பவில்லை, திறந்த மீன்டின் போலக் கிழிந்தது. இனிக் காரை ஓரடி நகர்த்த முடியாது. நாளைக்குக் கல்யாணம்.

அப்போது பாக்கியம் அக்கா வரிசையிலிருந்து விலகி வந்தார். முப்பது வருடமாகக் கொழுந்து பறிப்பவர். தலையில் மாட்டும் கூடைக் கயிற்றை அவிழ்த்தார். "கொஞ்சம் தள்ளுங்க சேர்" என்று காருக்கடியில் புகுந்தார். பில்டரின் கிழியாத அடிப்பாகத்தில் கயிற்றை இறுக்கி இரண்டு சுற்று, நுனியில் ஒரு குச்சி, ஒரே முறுக்கு. பில்டர் கழன்று என் நெஞ்சில் விழுந்தது. புதியதைக் கையால் மட்டும்தான் இறுக்க வேண்டும், கூடுதலாக இறுக்குவது மூடர் செயல் என்று நான் அவருக்கு விளக்கினேன்.

"அப்ப போன தடவை இதை இறுக்கினது யாரு சேர்?"

கறுப்பு

புதிய பில்டரை மாட்டி, புது ஒயில் ஊற்றி, காரைப் பலகையிலிருந்து இறக்கி, எஞ்சினை ஓடவிட்டு, அளவும் பார்த்து வீட்டுக்கு ஓட்டி வந்தேன். குறையொன்றும் இல்லை. ஞாயிறு காலை மணப்பெண் பட்டுச்சேலையில் வாசலுக்கு வந்தபோது, மாமனார் பானட்டைத் திறந்து, ஒயில் பார்க்கும் அளவுகோலை உருவி, தன் வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்தார். கன்னங்கரேல்.

டீசல் வண்டியில் உள்ளே படிந்த கரி, புது ஒயிலையும் சில நிமிடங்களில் கறுப்பாக்கிவிடும். சக பாவிகளுக்கு இது தெரியும். மாமனாருக்கு நான் எரிதலின் இரசாயனத்திலிருந்து தொடங்கினேன். அவர் வேன்காரர் நம்பரிலிருந்து தொடங்கினார். முகூர்த்தம் போகிறதென்று மனைவி என்னை முறைத்தாள். மணப்பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் புறப்பட்டு வந்திருந்த பாக்கியம் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, பழைய பில்டரைக் கழட்டினது நானு. புது ஒயிலு ஊத்தினதைப் பெரட்டே நின்னு பாத்துச்சு. சேர் பேசுறதைக் கேக்காதீங்க, காருல ஏறுங்க."

மாமனார் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். மகளுக்குத் தானே கார்க் கதவைத் திறந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து வருத்தத்தோடு தலையாட்டினார்.

"பாக்கியம் செஞ்ச வேலைன்னு முதல்லயே சொல்றதுக்கென்ன மாப்ள?"

ஹட்டன் வரைக்கும் கார் ஒரு தும்மல்கூடப் போடாமல் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் ஒயில் மாற்றுபவர் பாக்கியம் அக்கா, ரசமட்டம் பிடிப்பவன் நான்.