நாலு பேருக்கு ஒரு ஐடி

எங்கள் கடற்கரை ஊரின் மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் கம்பெனியில் நான் கான்ட்ராக்டில் இருந்தேன். ஒருநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, அடுத்த வருஷத்திலிருந்து பத்தாவது பாஸ் செய்தவர்களைத்தான் பெர்மனன்ட் ஆக்குவார்கள், முடிந்தவர்கள் பிரைவேட்டாக எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அதுவும் முழு ஒன்பதாவது இல்லை. எங்கள் கணக்கு டீச்சர் விடைத்தாள் கொடுக்கும்போது மார்க்கைச் சத்தமாக வாசிப்பார். குறைந்த மார்க்கிலிருந்து ஆரம்பிப்பார் என்பதால் என் பெயர் எப்போதும் முதலில் வந்துவிடும். அரைப்பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். மறுநாளும் வலித்தது. கொஞ்ச நாள் திட்டிவிட்டு வீட்டில் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு தம்பியைப் பார்த்துக்கொள்வது, கல்யாணம், கம்பெனி என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

எதற்கெடுத்தாலும் கவலைப்படுவது என் சுபாவம். கம்பெனி வேன் லேட்டானால் எங்கேயோ மோதிவிட்டது என்பேன். சீக்கிரம் வந்தால் கேஸை மூடினேனா இல்லையா என்று எஸ்டேட் போகும்வரை யோசிப்பேன். பெர்மனன்ட் விஷயம் அந்தச் சின்னக் கவலைகளையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டது. என் வீட்டுக்காரருக்குக் கட்டட வேலை. மழைக்காலத்தில் வேலை இருக்காது. என் சம்பளம் நின்றால் வீடு நின்றுவிடும். ஆக, பத்தாவது பாஸ் செய்தே தீரவேண்டும்.

பக்கத்து மிஷினில் வேலை செய்த தோழிதான் குருசுக்குப்பம் சென்டரைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தாள். என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள், ஆனால் அதட்டுவதெல்லாம் அவள்தான். அவளும் நானும் எங்கள் லைனில் இருந்த இன்னும் இரண்டு பெண்களும் போய்ச் சேர்ந்தோம்.

சென்டர் என்பது கடலுக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடி. யாரோ ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்கள். ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்றில் கீபோர்டு பட்டன்கள் ஒட்டிக்கொள்ளும், மூடினால் நமக்கு வேர்த்து ஊற்றும். மூடித்தான் வைத்திருப்பார்கள். நடத்தியவரை எல்லோரும் பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். மதாம் பிரான்சில் டீச்சராக இருந்தார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று லீவு போட்டு வந்தவர், சும்மா இருக்க முடியாமல் இதை ஆரம்பித்திருந்தார். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்ததால் சாயங்காலம் மட்டும்தான் வருவார். மற்ற நேரத்தில் கதவு திறந்து விடுவதற்கு ஒரு பெண் இருந்தாள்.

பாடம், பயிற்சித் தேர்வு, மார்க் எல்லாம் ஒரு வெப்சைட்டில் இருந்தன. பழைய வினாத்தாள்களைப் பார்த்து மதாமே உட்கார்ந்து கேள்விகளை டைப் அடித்திருந்தார். இதற்கு எவ்வளவு ஆச்சு என்று தோழி கேட்டதற்கு, காசே கிடையாது, இது ஓப்பன் சோர்ஸ், உலகம் முழுக்க யாராரோ சேர்ந்து எழுதிப் போட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்து ஒரு பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளலாம் என்றார். சும்மா கிடைத்தது என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கம்பெனி மிஷின் நின்றால் மெக்கானிக் வருவார். இது நின்றால் யார் வருவார்கள்? கேட்டேன். ஃபோரம் என்று ஒன்று இருக்கிறது, அதில் எழுதிப் போட்டால் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள் என்றார். முன்பின் தெரியாதவர்கள் எதற்காகச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

அதில் சேர்வதற்கு ஒவ்வொருவரும் பெயரையும் இமெயிலையும் கொடுக்க வேண்டும். அன்றைக்கு மதாம் அவசரமாகக் கிளம்பிவிட்டார், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று. எங்கள் நாலு பேரில் தோழிக்கு மட்டும்தான் இமெயில் இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் அவள் தம்பி போட்டோ அனுப்புவதற்காக பிரவுசிங் சென்டரில் ஆரம்பித்துக் கொடுத்தது. அவள் அதைக் கொடுத்துச் சேர்ந்தாள். அடுத்து நான் என் பெயரைப் போட்டு அதே இமெயிலைக் கொடுத்தேன். இதில் தப்பாக எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. அதுவரைக்கும் ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எங்கே போன் நம்பர் கேட்டாலும் மளிகைக் கடைக்காரர் நம்பரைக் கொடுத்துப் பக்கத்தில் பி.பி. என்று போடுவோம். எங்கள் தெருவுக்கே அந்த ஒரு நம்பர்தான். போன் வந்தால் கடைப் பையன் வந்து கூப்பிடுவான். இமெயிலும் அப்படித்தான் என்று இருந்தோம். ஆனால் கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் ஏதோ சொல்லி என்னைச் சேர்க்க மறுத்தது. மற்ற இருவரையும் சேர்க்கவில்லை. ஏதோ கெடுத்துவிட்டேன் என்று கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

தோழி எழுந்து வந்து பார்த்தாள்.

"எதுக்குக்கா மல்லுக்கட்ற? என்னோடதுலயே எல்லாரும் எழுதுங்க. நாம என்ன ஒரே நேரத்துலயா வரப்போறோம்?"

அது சரியாகத்தான் இருந்தது. எங்களுக்கு ஷிப்ட் வேறு வேறு. பாஸ்வேர்டை நாலு பேரும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

இப்படி அவள் ஐடியில் நான் படிக்க ஆரம்பித்தேன். உள்ளே போனதும் மேலே அவள் பெயர் இருக்கும். முதலில் திருடி மாதிரி இருந்தது. பிறகு பார்த்தால், அந்தப் பெயர் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. தப்பு செய்தால் அவள் பெயரில்தானே விழும்? என் பெயரைச் சொல்லி யாரும் எதையும் வாசிக்க முடியாது. தமிழும் சமூக அறிவியலும் நன்றாகவே வந்தன. அறிவியலும் இங்கிலீஷும் பரவாயில்லை. கணக்குதான் பத்துக்கு இரண்டு, மூன்று என்று வரும். ஆனால் ஒரு தேர்வை எத்தனை தடவை எழுதினாலும் அதில் பெரிய மார்க்கைத்தான் அது மொத்தத்தில் சேர்க்கும். தோழி கணக்கில் கெட்டிக்காரி. நான் இரண்டு வாங்கின இடத்தில் அவள் ஒன்பது வாங்கியிருப்பாள், ஒன்பதுதான் நிற்கும். மார்க் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் நன்றாக இருக்கும். அது என் மார்க் இல்லை என்று தெரியும். இருந்தாலும் பார்த்துப் பார்த்து, எனக்கும் கொஞ்சம் கணக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு.

பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்புகிற சமயம் வந்தது. எல்லாப் பாடத்திலும் பயிற்சித் தேர்வில் பாதி மார்க்காவது வாங்கியவர்களைத்தான் இந்த வருஷம் அனுப்புவது, மற்றவர்கள் அடுத்த வருஷம் என்று மதாம் முன்பே சொல்லியிருந்தார். ஒரு சாயங்காலம் என்னையும் மற்ற இருவரையும் கூப்பிட்டார். தோழியும் கூட வந்து நின்றாள்.

"நீங்க மூணு பேரும் இன்னும் ரெஜிஸ்டரே பண்ணல. இத்தனை மாசமா இங்க வந்து என்ன பண்றீங்க? ஃபேன் காத்துக்கா வர்றீங்க?"

 தோழிதான் சொன்னாள்.

"அவங்கல்லாம் என் பேர்லதான் எழுதுறாங்க மதாம். ஒரு மெயில்தான இருக்குது."

 மதாம் ஸ்கிரீன் பக்கம் திரும்பி, அவள் ஐடியில் எந்தெந்த நேரம் உள்ளே வந்திருக்கிறது என்பதைத் திறந்தார். காலையில் இருந்தது, மத்தியானம் இருந்தது, சாயங்காலமும் இருந்தது.

"இந்தப் பொண்ணு வேலைக்கும் போயிட்டு நாளெல்லாம் படிக்குதேன்னு பிரான்ஸ்ல என் ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் எழுதிட்டேன்."

"பொய் ஒண்ணும் இல்லியே மதாம். நாலு பேர் படிச்சது அது" என்றாள் தோழி.

மதாம் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நாலு பேர் எழுதியதைப் பிரித்து அவரவருக்குக் கொடுக்க முடியுமா என்று மதாம் அந்த ஃபோரமில் கேட்டுப் போட்டார். இரண்டு நாளில் பதில் வந்தது. பிரிக்க முடியாது, எந்தத் தேர்வை யார் எழுதினார்கள் என்று அதற்கே தெரியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், எங்கள் ஊரிலும் அக்கா தங்கைகள் இப்படித்தான் ஒரே ஐடியில் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாராம். எந்த ஊர் என்று கேட்டேன். மதாம் சொன்னார், ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஊர், பெயர் எனக்கு நினைவில் நிற்கவில்லை. உலகத்தின் அந்தக் கோடியில் யாரோ எங்களை மாதிரியே செய்திருக்கிறார்கள் என்றது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அதனாலெல்லாம் எனக்கு மார்க் வந்துவிடாது.

மதாம் எங்கள் மூவருக்கும் தனித்தனியாக இமெயில் ஆரம்பித்துக் கொடுத்து, தனித்தனி ஐடி போட்டுக் கொடுத்தார். விண்ணப்பம் போவதற்குள் எல்லாத் தேர்வையும் முதலிலிருந்து எழுத வேண்டும். உள்ளே போனேன். மேலே என் பெயர் இருந்தது. மார்க் பக்கம் முழுக்கக் காலி. மற்றப் பாடங்களை அந்த வாரமே முடித்துவிட்டேன், முன்பு எழுதியவைதானே. கணக்கை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்து, சென்டரில் உட்கார்ந்து, சமூக அறிவியலையே மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருப்பேன்.

தோழி பார்த்துவிட்டாள்.

"பானிப்பட் போர்ல நீயே போய் நின்னிருப்ப போலக்கா. கணக்கத் தொறயேன்."

திறப்பதற்கு முன்னால் மதாமிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்கே இரண்டு மூன்று நாள் ஆயிற்று. அவர் அம்மாவுக்கு மருந்து வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன், நான் எத்தனை தடவை எழுதி எத்தனை தடவை ஃபெயிலாகிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா என்று.

மதாம் பையைக் கீழே வைத்தார்.

"தெரியும். எல்லாம் அதுல நிக்கும். பாக்க மாட்டேன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன், பாப்பேன். எங்க தப்பு வருதுன்னு பாத்தாதான் சொல்லிக் குடுக்க முடியும். ஆனா மத்தவங்களுக்குத் தெரியாது. நான் வாசிச்சும் காட்ட மாட்டேன்."

அவரிடம் பள்ளிக்கூடக் கதையை நான் சொன்னதே இல்லை. டீச்சர்கள் வாசிப்பார்கள் என்பது எல்லா ஊரிலும் தெரிந்த சங்கதிதான் போலிருக்கிறது.

மறுநாள் கணக்கைத் திறந்து எழுதினேன். பத்துக்கு இரண்டு. என் பெயரும் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. தலையைத் தூக்கிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் அவர் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி எழுதினேன். அதே கணக்குதான், எண்கள் மட்டும் மாறி வரும். வட்டிக் கணக்கில் எங்கே சறுக்குகிறேன் என்று மதாம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து காட்டினார். மாதத்தை வருஷமாக மாற்றாமலே பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்று வந்தது, நான்கு வந்தது, மறுபடி மூன்று. அப்புறம் நான்கிலேயே நின்றுவிட்டது. ஐந்து வேண்டும்.

விண்ணப்பம் அனுப்பும் நாளும் வந்துவிட்டது. நான்கோடுதான் போய் நின்றேன். மதாம் மார்க் பக்கத்தைப் பார்த்தார். ஐந்து என்ற கணக்கை வைத்தது நான்தான், அரசாங்கம் இல்லை, அதனால் உங்கள் விருப்பம் என்றார். இந்த வருஷம் எழுதி கணக்கில் போய்விட்டால் மனசு விட்டுப்போகும், அடுத்த வருஷம் என்றால் நன்றாகத் தயாராகலாம், ஆனால் கம்பெனி காத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

இந்த மாதிரி நேரத்தில் வேறு யாராவது முடிவு சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறவள் நான். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் வர ராத்திரியாகிவிடும், இன்றைக்கு ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும் என்றார் மதாம். தோழியைப் பார்த்தேன். அவள் அதிசயமாக எதுவும் சொல்லாமல் நின்றாள்.

"ஃபெயிலானா அத எங்கயாவது வாசிப்பாங்களா மதாம்?"

"ரிசல்ட்டு நெட்ல வரும். உங்க நம்பர் தெரிஞ்சவங்கதான் பாக்க முடியும்."

"போட்டுடுங்க மதாம்" என்றேன்.

நாலு பேரும் எழுதினோம். தோழியும் இன்னொருத்தியும் எல்லாவற்றிலும் பாஸ். மூன்றாமவள் பிள்ளைப்பேறு என்று பாதிப் பரீட்சையில் நின்றுவிட்டாள். நான் நான்கு பாடத்தில் பாஸ், கணக்கில் ஃபெயில். கம்பெனி அந்த வருஷம் பாஸான இருவரையும் பெர்மனன்ட் ஆக்கியது. என்னை ஆக்கவில்லை, அனுப்பவும் இல்லை. உடனடித் தேர்வு இருக்கிறதாமே, அதுவரைக்கும் கான்ட்ராக்டில் இருக்கட்டும் என்று சூப்பர்வைசர் சொன்னதாகத் தோழி வந்து சொன்னாள். அவள்தான் போய்க் கேட்டிருக்கிறாள்.

ரிசல்ட் வந்த மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் வேனில் குருசுக்குப்பம் போகிற வழியில் இறங்கிக்கொண்டேன். மதாம் இன்னும் வரவில்லை. கதவு திறக்கும் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் ஓரத்துக் கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்தாள். கணக்குப் பாடத்தைத் திறந்தேன். நான் எழுதிய தடவைகள் எல்லாம் வரிசையாக அப்படியே இருந்தன. இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு, மூன்று, நான்கு, நான்கு. பக்கத்தை மூடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அதற்குக் கீழே மறுபடி எழுத ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினேன். முதலில் வந்தது வட்டிக் கணக்கு, எட்டு மாதத்துக்கு. எட்டைப் பன்னிரண்டால் வகுத்துவிட்டு ஆரம்பித்தேன்.