பெர்பெத்துவா வாசித்த தேர்தல் பேச்சு

கல்லூரி ஒப்புவித்தல் போட்டியில் நடுவரான தெல்ஃபின், பெர்பெத்துவாவைப் பாதியிலேயே நிறுத்தினார். "குரல்ல ஏத்த இறக்கமே இல்ல. போய் உங்கம்மாகூட மீன் வில்லு!" அரங்கமே சிரித்தது. அவளுக்கு அது செரிக்கவே இல்லை.

பிறகு அவள் இலோய்லோ நகர வானொலியில் நாடகம் வாசித்து ஊரறிந்த குரலானாள். தெல்ஃபின் கவுன்சிலராகி, மேயர் பதவிக்கு நின்றார். கடைசிக் கூட்டத்தன்று அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தான் அன்று பாதியில் நிறுத்திய பெண்ணென்று தெரியாமல் அவளிடமே வந்தார்.

"என் பேச்ச நீங்க வாசிக்கணும், மேடம்."

"ஒரு வார்த்தைகூட மாத்தாம வாசிக்கிறேன், சார்."

கூட்டம் நடந்த பிளாசா சதுக்கம் நிறைந்திருந்தது. 'இந்த ஊருக்கு நான் என்ன செய்தேன் என்று யாருக்குத்தான் தெரியாது!' என்று எழுதியிருந்தார். அவள், "இந்த ஊருக்கு நான் என்ன செய்தேன்?" என்று நிஜமாகவே கேட்பதுபோல் இழுத்து நிறுத்தினாள்.

"ஒண்ணுங் கிழிக்கல!" என்றது ஒரு குரல். கூட்டம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "என்று யாருக்குத்தான் தெரியாது!" என்று முடித்தாள். அடுத்தடுத்த வரிகளையும் அதேபோல் நிறுத்தக்கூடாத இடங்களில் நிறுத்தி வாசித்தாள்.

தெல்ஃபின் தோற்றார். "ஏம்மா இப்படிப் பண்ணின?" என்று வானொலி நிலைய வாசலில் மறித்தார்.

"நீங்க எழுதினதத்தான் வாசிச்சேன், சார். எங்க நிறுத்தணும்னு நீங்க எழுதலயே."

அன்று மதியம் சந்தையில் அவள் இரண்டு கிண்ணம் பாட்சோய் சூப் வாங்கி, ருசித்துக் குடித்தாள்.