ஒருபக்கத் தாள்

பச்சை மையில் எழுதிய ஒரு தாள் என் கோப்பில் பல வருடங்களாக இருக்கிறது. மொத்தம் பதினோரு வரிகள். எழுத்துகள் உருண்டையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பரீட்சைக்கு எழுதியதுபோல் இருக்கும். முதல் வரி, "புது டூல் பதினைந்து நாள் பார்த்தேன்." கடைசி வரி, "நல்லா இருக்கு. வாங்கலாம்." இடையில் இருக்கும் ஒன்பது வரிகளிலும் ஒரு பொய் கிடையாது. அதை எழுதிய அக்காவுக்கு அந்தத் தாளால்தான் வேலை போனது.

போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. முதலாளி ஏலக்காய் வியாபாரக் குடும்பம். மலையில் காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கும் கீழே கமிஷன் கடைகளுக்கும் எடைச்சீட்டு போடுகிற மென்பொருள் செய்து விற்றோம். நிரல் எழுத நானும் இன்னும் இரண்டு பேரும். எழுதியதைச் சோதித்துப் பார்க்க அக்கா. அதற்கு முன் அவர் கீழே கிட்டங்கியில் சொத்தை நீக்கிக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர், பிளஸ் டூ வரை படித்தவர். ஒரு நாள் எதற்கோ மாடிக்கு வந்தவர் என் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஒரே பேருல ரெண்டு பேரு காய் கொண்டாந்தா இது என்ன செய்யும் தம்பி?" என்று கேட்டார். என்ன செய்யும் என்று போட்டுப் பார்த்தோம். இரண்டு பேர் காயையும் ஒருவர் பெயரிலேயே சேர்த்துவிட்டது. எங்கள் பக்கத்தில் குலசாமி பெயரை வைத்து வைத்து, ஒரு தெருவுக்கு நாலு பேர் ஒரே பெயரில் இருப்பார்கள். பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரனான எனக்கே அது தோன்றவில்லை. அடுத்த வாரம் முதலாளி அக்காவை மாடிக்கு மாற்றிவிட்டார்.

அவர் சோதிக்கிற விதமே தனி. நான் பெருமையாக ஒன்றை முடித்துக் கொடுப்பேன். சீட்டு பாதி அச்சாகும்போது அக்கா எழுந்து போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவார். "என்னக்கா இப்படிப் பண்றீங்க" என்றால், "போடிமெட்டுல மழை பெஞ்சா கரண்டு ஒங்களக் கேட்டுக்கிட்டா போகும்?" என்பார். மறுபடி உயிர் வந்ததும் எது தொலைந்தது, எது மிஞ்சியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பச்சை மையில் எழுதி வைப்பார். பொறுக்குகிற தட்டில் கை ஓடுகிற அதே நிதானம். அவரைக் கண்டாலே எரிச்சல்பட்ட நாட்கள் உண்டு. அந்த எரிச்சலுக்குக் காரணம் என் திமிர்தான் என்று இப்போது தெரிகிறது.

அவர் எழுதுவதெல்லாம் ஒருபக்கத் தாள்களில். முதலாளிக்குத் தாளை வீணாக்கினால் பிடிக்காது. அச்சில் பிழையான தாள்களை ஒரு பெட்டியில் போட்டு வைப்போம். சாக்கு தைக்கிற ஊசியும் நூலும் கீழேயிருந்து வாங்கிவந்து, அக்கா அவற்றை நோட்டாகத் தைத்துவிடுவார். வெற்றுப் பக்கம்தான் எங்களுக்கு முன்பக்கம். பின்னால் என்ன இருக்கிறதென்று அந்த அலுவலகத்தில் யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.

நாங்கள் நிரல் எழுதிய டூல் ரொம்பப் பழையது. அதில் செய்தவை, கடைக்காரர்கள் வாங்கிய புதுக் கணினிகளில் அடிக்கடி நின்றுபோயின. புதிய பதிப்பு அந்தக் கோளாறைத் தீர்க்கும். கூடவே, சோதனையையும் தானே செய்யும். ஆனால் பழையதைப்போல ஒருமுறை வாங்கிப்போட்டால் முடிந்தது என்றில்லை, ஆளுக்கு இவ்வளவென்று வருடா வருடம் கட்ட வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அப்பு, இதையும் வாங்கிட்டுச் சோதிக்க ஆளும் வச்சுக்க என்னால ஏலாது. ரெண்டுல எதுன்னு கணக்குப் போட்டு வெரசாக் கொண்டா" என்றார். ஒரு பக்கம் டூலின் வருடக் கட்டணம், மறுபக்கம் அக்காவின் பன்னிரண்டு மாதச் சம்பளம். டூல் செலவுதான் கொஞ்சம் அதிகமாக வந்தது. முதல் பிரதியில் கட்டம் கோணலாக அச்சானதால் அதைக் கழித்துவிட்டு இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன்.

ஏலக்காய்க்காரர் சாம்பிள் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டார். டூலிலும் பதினைந்து நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம் என்றதும் அவர் முகம் தெளிந்தது. பார்க்கிற வேலையை அக்காவிடமே கொடுத்தார். அக்காவைவிடக் கறாராகப் பார்க்க ஆள் இல்லை என்பது முதலாளிக்குத் தெரியும். நானாவது அக்காவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பதினைந்து நாளும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பயம்தான், வேறு காரணம் இல்லை.

பதினாறாம் நாள் முதலாளி அறையில் அக்கா நின்றபடியே பதினோரு வரியையும் வாசித்தார். முதலாளி ஒரு காயைப் பிதுக்கி முகர்ந்துகொண்டே கேட்டார்: "கொறை ஒண்ணுமே இல்லையா?"

"தேடித்தேடிப் பாத்துட்டேன் மொதலாளி. பிளக்கப் பிடுங்கியும் பாத்தேன். நல்ல காயைச் சொத்தைன்னு எப்பிடித் தள்ளுறது?"

நான் சன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளி அந்தத் தாளை வாங்கி, கோப்பில் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

மாதக் கடைசியில் அக்கா நின்றுவிட்டார். முதலாளி கீழே கிட்டங்கியிலேயே வேலை தருவதாகச் சொன்னாராம். மேலே ஏறியவருக்கு மறுபடி கீழே உட்கார மனம் வரவில்லையோ என்னவோ, மலைக்குக் காய் எடுக்கப் போகிற ஜீப்பில் ஏறத் தொடங்கினார். ஒரு நாள் காலையில் ஜீப்பு நிற்கிற இடத்தில், தூக்குவாளியும் கையுமாக என்னைப் பார்த்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவரே கூப்பிட்டு, "புது டூலு எப்பிடி ஓடுது தம்பி?" என்றார்.

"நல்லா ஓடுதுக்கா."

"அதான் நான் சொன்னேன்ல" என்று சிரித்துவிட்டு ஏறிக்கொண்டார்.

உண்மையிலேயே நன்றாகத்தான் ஓடியது. எங்காவது பிசகியிருந்தால் எனக்கு ஓர் ஆறுதலாவது கிடைத்திருக்கும்.

இப்போது நான் போடியில் என் வீட்டிலிருந்தே ஒரு சென்னை நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். நிரலைத் தானே எழுதுகிற டூல் ஒன்று வந்திருக்கிறது, அதை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து வாங்கலாமா என்று சொல்லும்படி போன மாதம் கேட்டார்கள். அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கும், அதில் என் சம்பளமும் ஒரு வரியாக இருக்கும். எனக்குத் தெரியாதா. டூல் நன்றாகவே வேலை செய்தது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். அறிக்கையில், "பெரிய நிரல்களில் மிகவும் மெதுவாக இருக்கிறது" என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, அனுப்பக் கை வராமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில், அந்த அலுவலகத்தை விட்டு வரும்போது நான் எடுத்துவந்திருந்த அக்காவின் தாள் நினைவுக்கு வந்து தேடி எடுத்தேன். சன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது பச்சை எழுத்துகளுக்கு அடியில் கறுப்பாகக் கட்டங்கள் தெரிந்தன. இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் திருப்பிப் பார்த்தேன். கோணலாக அச்சாகி நான் கழித்துப்போட்ட அதே கணக்கு. டூல் ஒரு பக்கம், அக்காவின் சம்பளம் ஒரு பக்கம். சம்பளத்துக்கு நேரே, ஓரத்தில், பச்சை மையில் சின்னதாக எழுதியிருந்தது: "தீபாவளிப் பணம் விட்டுப்போச்சு." கீழே என் கூட்டுத்தொகையை அடித்துவிட்டுச் சரியான தொகையைப் போட்டிருந்தார். அவர் கணக்குப்படி, டூல்தான் மலிவு.

எல்லாம் தெரிந்துதான் அந்தப் பதினோரு வரியையும் எழுதியிருக்கிறார். ஜீப்பு பக்கத்தில் நின்று என்னிடம் சிரித்ததும் தெரிந்துதான். நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன்.

பிறகு கணினியைத் திறந்தேன். அந்த டூல் மெதுவாக இல்லை. அந்த வரியை அழித்துவிட்டு அறிக்கையை அனுப்பினேன்.