ஆளில்லாமல் போன பறி

விஜயநகரத்து ராயர் இறந்தபின், பட்டம் யாருக்கு என்று அவர் பங்காளிகள் வெட்டிக்கொண்ட காலம். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்களின் கோட்டையில் அப்போது காவலாளாக இருந்தவன் தருமன். அவன் ஊர் கோட்டைக்குப்பம். வலையில்லாமல், ஏரிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிற குடும்பம். சண்டையில் சந்தை நின்றுபோனதால், அரிசி கிடைக்கும் என்று ஈட்டி பிடிக்கப் போனான். அவன் போன கொஞ்ச நாளில் ஒரு தரப்பின் படை கரையில் வந்து கூடாரம் அடித்தது. கோட்டைக் கதவை அடைத்துவிட்டார்கள்.

மதில்மேல் நின்றால் குப்பத்துப் பெண்கள் ஏரியில் இறங்குவது தெரியும். கண்ணுக்கு எட்டும், குரலுக்கு எட்டாது. அவர்களில் தன் மனைவி பொன்னியம்மாளைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவான். அவளுக்கு இடக்கைப் பழக்கம். மற்றவர்கள் வலப்பக்கம் சாய்ந்து துழாவும்போது அவள் மட்டும் இடப்பக்கம் சாய்வாள். கரையில் விளையாடும் மகள் ஒரு புள்ளிதான். அவன் கை அசைத்தாலும் அவர்களுக்கு அடையாளம் தெரியாது. மதிலில் நின்ற எல்லோருக்கும் ஒரே தலைப்பாகை.

பார்க்கப் பார்க்க ஏக்கம் கூடியதே தவிர ஆறவில்லை. தன் பங்கு அரிசியில் மிச்சம் பிடித்துத் துணியில் முடிந்தான். விட்டுவர மனமில்லாமல் ஊரிலிருந்து எடுத்துவந்த, இறால் போடும் பனையோலைக் கூடையான பறிக்குள் அதை வைத்தான். தண்ணீர் ஊர்ப்பக்கம் ஏறும் நேரம் பார்த்து மிதக்கவிட்டான்.

மறுநாள் பெண்கள் இறங்கினார்கள். பொன்னியம்மாள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கூடக் காவல் நின்ற சுண்ணாம்புக்குளத்துத் தசரதனிடம், பறி விட்டதையும் சேர்த்துச் சொன்னான்.

“ஆளில்லாத பறி தனியா போனா ஊர்ல இன்னான்னு நெனப்பாங்க?” என்றான் தசரதன். “உன் சாவ நீயே சொல்லி அனுப்பிட்டியேப்பா.”

கையால் இறால் பிடிப்பவர்கள் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் தண்ணீரில் நகர்வார்கள். மூச்சு இருக்கிறவரை யாரும் அதை விடுவதில்லை. பறி தனியாகக் கரை சேர்ந்தால் அந்த வீட்டில் சாவு. தருமனுக்கு இது தெரியாததல்ல. அரிசியைப் பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று நினைத்திருந்தான். முடிச்சு அலையில் விழுந்திருக்க வேண்டும். இனிக் காரியத்தன்று அவள் தாலியை அறுத்துவிடுவார்கள்.

மொழிபெயர்க்கும் துபாஷியைப் பிடித்து, ஊருக்குப் போய்வர ஒல்லாந்தத் தளபதியிடம் கேட்கச் சொன்னான். கதவு திறக்காது, ஓடினால் தூக்கு என்று பதில் வந்தது.

காரியத்தன்று காலை, ஏரிப்பக்கத்துச் சிறிய வாசலில் கழிவுநீர் கொட்டப் போனவன் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். நீந்தவில்லை. நீந்துகிறவனை மதிலிலிருந்து சுடுவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைத் துழாவியபடியே போனான். அப்படிப் போகிறவனை அந்த ஏரியில் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

கரையோரம் படைக்காரன் ஒருவன் நிறுத்தி, பிடித்ததைக் காட்டு என்றான். தருமனிடம் ஒன்றுமில்லை. ஈட்டி பிடித்து மரத்துப்போன விரல்களைச் சேற்றுக்குள் விட்டான். நல்லவேளை, விரலடியில் ஓர் இறால் துள்ளியது. அமுக்கி எடுத்தான். பிறகு இன்னும் சில. படைக்காரன் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போகச் சொன்னான்.

குடிசை வாசலில் பொன்னியம்மாளுக்குக் கடைசியாகப் பூ வைத்து, சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். சேறு சொட்ட வந்து நின்றவனைக் கண்டு அழுகை நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“அரிசி அனுப்புனேன் பொன்னி.”

“அரிசி யாரு கேட்டா? தெனம் அந்த மதிலத்தான் பாத்துக்கினு இருந்தேன். எல்லாத் தலைப்பாகையும் நீதான்னு நெனச்சிக்கினேன்.”

படை கூடாரத்தைக் கிளப்பிக்கொண்டு போனபின், ஓடியவனைத் தேடிவரச் சொல்லித் தசரதனை அனுப்பினார்கள். பொன்னியம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

“அவரு பூட்டாருண்ணா. ஊரே அழுதுச்சு.”

தசரதன் அவள் கழுத்துத் தாலியைப் பார்த்தான். உள்ளே யாரோ இருமினார்கள்.

“செத்தவன நான் கேட்டேன்னு சொல்லு தங்கச்சி” என்றவன் கோட்டைக்குத் திரும்பினான். தன் ஊரான சுண்ணாம்புக்குளம் போய்வர அவனுக்கு இன்னும் விடுப்பு கிடைத்திருக்கவில்லை.